பனியன் கம்பெனியின் கோப்புகள் ஊழியர் வழியாக வெளியே போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் இருபது, முப்பது பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வைரஸ் பற்றிக் கேட்பவர்களைவிட, "மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகிறார், இப்போது என்ன செய்வது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மெர்ச்சண்டைசர் என்றால் பையரோடு, அதாவது ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடு, பேசி ஆர்டரைக் கவனிப்பவர். முதலாளிகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பின்னலாடைத் தொழிலை வைத்து எழுதியிருந்தாலும் பம்ப் பட்டறைக்கும் அச்சகத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாங்கள் சின்ன கம்பெனி. எங்களிடம் திருட என்ன இருக்கிறது?

காஸ்டிங் ஷீட் இருக்கிறது. நூலைக் கிலோ என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், நிட்டிங், டையிங், காம்பாக்டிங்குக்கு யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், பீஸுக்குத் தையல் கூலி எவ்வளவு, வேஸ்டேஜ் எத்தனை சதவீதம், டாலரை என்ன மதிப்பில் கணக்கிடுகிறீர்கள், கடைசியில் லாபம் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். அது போட்டியாளர் கையில் கிடைத்தால், அடுத்த சீசனில் அவர் உங்களைவிட ஐந்து சென்ட் குறைத்துக் கொட்டேஷன் கொடுப்பார். ஆர்டர் ஏன் கைவிட்டுப் போனது என்று உங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம்.

அடுத்தது பையர் விவரம். அந்த நிறுவனத்தில் முடிவெடுப்பவர் யார், பணம் எத்தனை நாளில் வரும், போன முறை எந்த ஷிப்மென்ட்டில் என்ன புகார் வந்தது என்பதெல்லாம் வருடக்கணக்கில் சேர்த்த அறிவு. டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரக் குறிப்பு), பேட்டர்ன், பிரிண்ட் ஆர்ட்வொர்க் ஆகியவை பெரும்பாலும் பையருடைய சொத்து. அவற்றை வெளியே விட மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சீசனுக்கு முன்பே ஒரு டிசைன் வெளியே வந்துவிட்டால் பையருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியலையும் மறந்துவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விவரங்களைக் காப்பது உங்கள் கடமை என்கிறது. போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஒரு தாளை எடுத்து, வெளியே போனால் உங்களைத் தூங்கவிடாத கோப்புகள் எவை என்று எழுதுங்கள். ஐந்தாறுதான் தேறும். அவற்றில் முதலில் கை வையுங்கள்.

ஊழியர் எடுத்துப் போவது எப்படித்தான் நடக்கிறது? ஹேக் செய்கிறார்களா?

அநேகமாக இல்லை. தினமும் திறக்கும் கோப்பைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்கிறார். வாட்ஸ்அப் வெப்பில் தனக்கே ஒரு செய்தியாகப் போட்டுக்கொள்கிறார். பென்டிரைவில் போல்டரையே நகல் எடுக்கிறார். திரையைப் போனில் படம் பிடிக்கிறார். எல்லாமே நீங்கள் கொடுத்த அனுமதியை வைத்து நடப்பவை.

இங்கிலாந்தில் மாரிசன்ஸ் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் 2014இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வெளித் தணிக்கையாளர்களிடம் கொடுப்பதற்காகச் சம்பளப் பட்டியலை ஓர் உள் தணிக்கை ஊழியரிடம் ஒப்படைத்தார்கள். முன்பு தன்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையில் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. அவர் அதைத் தனக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு லட்சம் ஊழியர்களின் விவரங்களை இணையத்தில் போட்டுவிட்டார். அவருக்கு 8 ஆண்டு சிறை கிடைத்தது. பட்டியல் அவர் கைக்கு வந்தது நியாயமான வேலைக்காகத்தான்.

இதில் மனக்கசப்பு என்ற பகுதியையும் கவனியுங்கள். சம்பளம் தள்ளிப்போகும் இடத்தில், எல்லோர் முன்னாலும் திட்டு விழும் இடத்தில் எந்த மென்பொருளும் முழுப் பாதுகாப்பு தராது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஊழியரை மரியாதையாக நடத்துவதும் கோப்புப் பாதுகாப்பில் ஒரு பங்கு.

சரி, முதலில் எதைச் செய்வது?

பூட்டு வாங்குவதற்கு முன் எது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

பையரோடு பேசும் வாட்ஸ்அப் யாருடைய எண்ணில் இருக்கிறது? மெர்ச்சண்டைசரின் சொந்த எண் என்றால், அவர் போகும் நாளில் பேச்சு முழுக்க அவரோடு போய்விடும். அவர் எதையும் திருட வேண்டியதே இல்லை. கம்பெனி பெயரில் சிம் வாங்கி, ஒரு போனில் போட்டு, அந்தப் போனை ஆபிஸிலேயே வையுங்கள். மெர்ச்சண்டைசர் தன் கம்ப்யூட்டரில் லிங்க்டு டிவைஸாக இணைத்துக்கொண்டு வேலை செய்யட்டும். முதன்மைப் போன் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அவர் விலகும்போது முதன்மைப் போனிலிருந்து அவருடைய கருவியை லாக் அவுட் செய்தால் போதும். அந்தப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்புகள் தானாக அறுந்துவிடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் எண்ணையும் நீங்களே போட்டு வையுங்கள்.

மின்னஞ்சலும் அப்படித்தான். கம்பெனி பெயரையும் ஊழியர் பெயரையும் சேர்த்து இலவச ஜிமெயில் முகவரி உருவாக்கியிருப்பார்கள். மீட்பு எண்ணாக இருப்பது ஊழியரின் போன். சட்டப்படி கணக்கு யாருடையது என்று வாதாடலாம், ஆனால் ஓ.டி.பி. வருவது அவருக்கு. சொந்த டொமைன் வாங்கி, கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது ஜோஹோ மெயில் போன்ற சேவைக்கு மாறுங்கள். நிர்வாகி கணக்கு முதலாளியிடம் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி., ஈ-வே பில் (லாரியில் சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டு), வருமான வரி, ஐஸ்கேட் (சுங்கத் துறைத் தளம்), டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்), வங்கி என்று ஒவ்வொரு தளத்திலும் பதிவாகியிருக்கும் போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். மூன்று வருடம் முன்பு போன அக்கவுண்டன்ட்டின் எண் இன்னும் அங்கே இருக்கலாம். ஈ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஓ.டி.பி. பழைய ஊழியருக்குப் போனால் லாரி கேட்டிலேயே நிற்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதன் பின் எண்ணும் ஒரே டிராயரில் கிடப்பதையும் பலமுறை பார்க்கிறேன். அது உங்கள் கையெழுத்து. டோக்கன் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.

யாருக்கு எதைக் காட்டுவது என்று எப்படி முடிவு செய்வது?

அவருடைய இன்றைய வேலைக்கு எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பேட்டர்ன் மாஸ்டருக்கு டெக் பேக் வேண்டும், விலை வேண்டாம். பேக்கிங் பார்ப்பவருக்குப் பேக்கிங் லிஸ்ட் வேண்டும், இன்வாய்ஸ் தொகை வேண்டாம். ஒரு பையரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கு இன்னொரு பையரின் காஸ்டிங் எதற்கு?

நடைமுறையில் இதற்குத் தடையாக இருப்பது ஒரே பொதுப் போல்டர். சர்வரில் எல்லோரும் திறக்கும் ஒரு போல்டர், எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டு. இதை உடையுங்கள். விண்டோஸிலும் நாஸ் பெட்டியிலும் (நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்பு வைக்கும் சேமிப்புக் கருவி) ஆளுக்கொரு யூசர் உருவாக்கி, போல்டர் வாரியாக அனுமதி கொடுக்க முடியும். கூடுதல் செலவே இல்லை, அரை நாள் வேலை. ஊழியரின் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கக் கூடாது. இருந்தால் நீங்கள் போடும் எந்தத் தடையையும் அவர் எடுத்துவிடலாம்.

கூகுள் டிரைவில் இருந்தால், இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் எத்தனை கோப்பு கிடக்கிறது என்று தேடுங்கள். அவசரத்தில் ஒருநாள் பையருக்கு அனுப்பியது, இன்றும் திறந்தே கிடக்கும்.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஆளுக்கொரு யூசர் வைத்து, பில் போடுபவருக்குப் பில் போடும் உரிமையை மட்டும் தரலாம். டாலி வால்ட் வசதி கம்பெனித் தரவையே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிடும். டேட்டா போல்டரை அப்படியே தூக்கிப் போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோனால் உங்களுக்கும் திறக்காது, மீட்டுத்தர யாராலும் முடியாது. தாளில் எழுதி லாக்கரில் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

எக்செல் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே?

கோப்பைத் திறப்பதற்கான பாஸ்வேர்டு என்றால் நல்லது. அது உண்மையாகவே மறையாக்கம் செய்கிறது. ஷீட் புரொடெக்ட் என்பது வேறு. அது ஃபார்முலாவைத் தவறுதலாக மாற்றாமல் இருக்கத்தான், பாதுகாப்புக்கு உதவாது. எதுவானாலும் ஆறு பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டால் அந்த ஆறு பேரைத் தடுக்க முடியாது.

யு.எஸ்.பி. போர்ட்டை அடைத்துவிட்டால் போதுமா?

அடைக்கலாம். விண்டோஸ் புரோ பதிப்பில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்பு வழியாகப் பென்டிரைவை மட்டும் தடுத்து, கீபோர்டு, மவுஸ், டோக்கனை விட்டுவிடலாம். முழு போல்டரைக் கொத்தாக அள்ளிப் போவது இதனால் கடினமாகும். ஆனால் தனிப்பட்ட ஜிமெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் போர்ட்டை மட்டும் அடைத்துப் பயன் கொஞ்சம்தான். காஸ்டிங் போடும் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்களில் எல்லா வழியையும் ஒன்றாக அடையுங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம். முப்பது கம்ப்யூட்டரிலும் போட்டு எல்லோர் வேலையும் நின்றால், இரண்டே வாரத்தில் நீங்களே எடுத்துவிடச் சொல்வீர்கள்.

போனில் படம் எடுப்பதை எந்த மென்பொருளும் தடுக்காது. பார்க்கும் ஆட்களைக் குறைப்பதுதான் அதற்கு வழி.

லேப்டாப் வீட்டுக்குப் போகிறதே?

டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை இயக்குங்கள், மீட்புச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் புரோ உள்ளதாக வாங்குங்கள்.

வேலைக்குச் சேரும்போது என்ன எழுதி வாங்கலாம்?

"விலகி இரண்டு வருடம் வேறு பனியன் கம்பெனியில் சேரக் கூடாது" என்று பலர் எழுதி வாங்குகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27இன்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். விலகிய பிறகு செல்லாது. நியாயமும் அதுதான். இந்தத் தொழிலை மட்டுமே தெரிந்த ஒருவர் இந்த ஊரில் வேறு எங்கே போவார்?

ரகசியம் காப்பதற்கான ஒப்பந்தம் செல்லும். அதில் "கம்பெனியின் எல்லா விவரங்களும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், காஸ்டிங் ஷீட், பையர் தொடர்பு விவரம், டெக் பேக், ஆர்ட்வொர்க், சப்ளையர் விலை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சொந்த மின்னஞ்சலுக்கோ போனுக்கோ இவற்றை அனுப்பக் கூடாது, விலகும்போது எல்லா நகலையும் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகலை அவரிடம் கொடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் எந்தக் கோப்பும் பத்திரமாகாது. வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். ஒரு இளைஞரின் எதிர்காலத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பது முறையும் அல்ல.

ஊழியரின் கம்ப்யூட்டரைக் கண்காணிக்கலாமா?

கம்பெனி கம்ப்யூட்டரில், கம்பெனிக் கணக்கில் நடப்பதைப் பதிவு செய்யலாம். வணிக ரகசியத்தைக் காப்பதற்காக ஊழியர் தரவைக் கையாள 2023 சட்டத்தின் 7ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆனால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எந்தப் போல்டரை யார் எப்போது திறந்தார், யார் நகல் எடுத்தார் என்ற பதிவு (லாக்) போதும். அவருடைய தனிப்பட்ட உரையாடலை நீங்கள் படிக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்கும் மென்பொருளை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஊழியரின் வங்கிப் பாஸ்வேர்டும் அதில் சிக்கும், பிறகு அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில்.

அக்கவுண்ட்ஸ் பார்ப்பது என் மச்சான். அவருக்கும் இந்தக் கட்டுப்பாடா?

ஆமாம். மாமா மகன், ஊர்க்காரர், இருபது வருடம் கூட இருந்தவர் எல்லோருக்கும். அவர்மேல் சந்தேகம் என்று அவர் நினைக்காதபடி நீங்களே முதலில் அந்த விதிக்குள் வாருங்கள். தனி யூசர், தனிப் பாஸ்வேர்டு, லாக் எல்லாம் முதலாளிக்கும் உண்டு என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: நாளைக்கு ஏதாவது வெளியே போனால், எல்லோரும் ஒரே பாஸ்வேர்டு பயன்படுத்தும் ஆபிஸில் எல்லோர் மேலும் பழி விழும். தனி யூசர் இருந்தால், செய்யாதவர்மேல் பழி விழாது. சொந்தக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் இது சிறிய விஷயம் இல்லை. ஆதாரமில்லாத ஒரு சந்தேகம் குடும்பத்தையே பிரித்துவிடும்.

ஒருவர் விலகுவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் பதறாதீர்கள், அவரை எதிரியாகவும் பார்க்காதீர்கள். நல்ல சம்பளம் கிடைத்துப் போகிறார், அவ்வளவுதான்.

நோட்டீஸ் காலத்தில் அவருடைய வேலைக்கு இனி தேவைப்படாத போல்டர்களின் அனுமதியைக் குறையுங்கள். சொல்லிவிட்டே செய்யலாம். அவருடைய மின்னஞ்சல் கணக்கில் பார்வர்டிங் அமைப்பையும் ஃபில்டர்களையும் பாருங்கள். வரும் ஒவ்வொரு மெயிலும் வெளி முகவரிக்கு ஒரு நகல் போகும்படி எப்போதோ வைத்திருக்கலாம், வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் நல்ல எண்ணத்தில் வைத்ததாகவும் இருக்கலாம். பேக்கப் எடுங்கள், அந்தப் பேக்கப்பை அவரால் தொட முடியாத இடத்தில் வையுங்கள். எடுத்துப் போவதைவிட அழித்துவிட்டுப் போவது சில சமயம் பெரிய நஷ்டம்.

கடைசி நாளில், அவர் கிளம்பும் நேரத்திலேயே எல்லாக் கணக்கையும் நிறுத்த வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம். அமெரிக்காவில் கேஷ் ஆப் என்ற பணச் செயலியை நடத்தும் பிளாக் நிறுவனத்தில், 2021 டிசம்பரில், வேலையை விட்டுப் போன ஓர் ஊழியர் அதன் பிறகு உள்ளே வந்து அறிக்கைகளைத் தரவிறக்கினார். 82 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனம் தகவல் சொல்ல வேண்டி வந்தது. வேலையில் இருந்தபோது அந்த அறிக்கைகளைப் பார்ப்பது அவருடைய பணியாகவே இருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இது நடக்கிறது.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கை அழிக்காதீர்கள், சஸ்பெண்ட் செய்யுங்கள். அழித்தால் 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். முதலில் டிரைவ் கோப்புகளின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றுங்கள். பொது வைஃபை பாஸ்வேர்டு, கேமரா பாஸ்வேர்டு, கூரியர் தளம், பையர் போர்ட்டல் ஆகியவற்றையும் மாற்றுங்கள். பையரின் போர்ட்டலில் அவருடைய யூசரை நீக்கும்படி பையருக்கு ஒரு மெயில் போட வேண்டும், பெரும்பாலும் மறந்துபோவது இதுதான்.

அவரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். சொந்தப் போனில் கம்பெனிக் கோப்பு இருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள், "என்னிடம் நகல் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். செட்டில்மென்ட்டை இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

அவர் தலையில் இருப்பதை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எந்தத் துணிக்கு எந்த ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) சரி, பையரிடம் எப்படிப் பேசுவது, தாமதமான ஷிப்மென்ட்டை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் அவர் உழைத்துக் கற்ற திறமை. நீதிமன்றங்களும் திறமையையும் ரகசியக் கோப்பையும் பிரித்துத்தான் பார்க்கின்றன. பையருக்கு உங்களோடும் நேரடிப் பழக்கம் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்களே பேசாத பையர், மெர்ச்சண்டைசரின் பையர்தான்.

எடுத்துவிட்டார் என்று உறுதியாகச் சந்தேகம். இப்போது?

அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தி ஓரமாக வையுங்கள். நீங்களே திறந்து தேடக் கூடாது. திறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தேதி மாறும், சாட்சியம் கெடும். ஃபார்மட் செய்து அடுத்த ஊழியருக்குக் கொடுப்பது அதைவிட மோசம். தெரிந்த நிபுணரை வைத்து ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது நகல் பிறகு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணை, குறித்து வையுங்கள். பாரதிய சாட்சிய அதிநியம், 2023இன் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் அதில் வரும். மின்னஞ்சல் லாக்கையும் உடனே தரவிறக்குங்கள், சில லாக்குகள் சில மாதங்களில் தானாக அழிந்துவிடும்.

பிறகு வக்கீல். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2024இல் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் தரவை நகல் எடுத்தவரிடம் இழப்பீடு கேட்க வழி தருகிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். அதே செயலை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. புகாரை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு சின்ன கம்பெனிக்கு அவசரமாக வேண்டியது, அந்தக் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை உத்தரவு. 1995இல் டெல்லி உயர் நீதிமன்றம் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் இதைத்தான் செய்தது. வாடிக்கையாளர் பட்டியலை முன்னாள் ஊழியர் நகல் எடுத்திருந்தார். உழைத்துத் தொகுத்த அந்தப் பட்டியலுக்குப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது.

உங்கள் பட்டியலிலிருந்துதான் எடுத்தார் என்று காட்ட ஒரு பழைய உத்தி இருக்கிறது. பட்டியலில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றிரண்டு போலிப் பதிவுகளைச் சேர்த்து, நீங்கள் பார்க்கும் மின்னஞ்சல் முகவரியை அங்கே கொடுத்து வையுங்கள். அந்த முகவரிக்குப் போட்டியாளரிடமிருந்து கடிதம் வந்தால், பட்டியல் எங்கிருந்து போனது என்பதற்கு வேறு விளக்கம் சொல்வது அவருக்குக் கடினம்.

ஊழியர் இல்லாத வெளியாட்கள்? ஆடிட்டர் ஆபிஸ், பிரிண்டிங் யூனிட், கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்கள்?

ஜாப்வொர்க் யூனிட்டுக்கு ஆர்ட்வொர்க் அனுப்பும்போது பையர் பெயரையும் விலையையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஆடிட்டருக்கு டாலி பேக்கப்பை அவருடைய உதவியாளரின் சொந்த வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

சர்வீஸ் ஆட்கள் என்றால் என்னைப் போன்றவர்கள். எனக்கும் இதே விதியைப் போடுங்கள். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளில் நீங்கள் அனுமதி கொடுக்காமலே எந்நேரமும் உள்ளே வரும்படி நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் திரையில் அனுமதி கொடுத்த பிறகே நாங்கள் வரவேண்டும். சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு எங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. இன்றைக்கே உங்கள் சர்வீஸ் ஆளிடம் அதைக் கேட்டு, நீங்களே ஒருமுறை லாக் இன் செய்து பாருங்கள்.